வாடகை வீட்டில் உண்மையில் எவ்வளவு மிஞ்சுகிறது? வன்னியில் வீடு வைத்திருப்போர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கிளிநொச்சியில் எனக்கென்று ஒரு வாடகை வீடு இருக்கிறது. வெளிநாட்டில் இருக்கும் உறவினர்களின் மூன்று வீடுகளையும் பல ஆண்டுகளாக நானே பார்த்து வருகிறேன். திறப்பு என்னிடம், கணக்குக் கொப்பி என்னிடம், குழாய் வெடித்தால் வரும் தொலைபேசி அழைப்பும் எனக்குத்தான். கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் வவுனியாவிலிருந்தும் வந்த கேள்விகளை ஓரிடத்தில் சேர்த்திருக்கிறேன். கணக்குக் காட்டுவதற்காக எடுத்திருக்கும் வீட்டு விலையும் வாடகையும் உதாரணத் தொகைகள். உங்கள் வீட்டுக்கு உரிய தொகைகளை அவற்றின் இடத்தில் போட்டுப் பாருங்கள்.

காணி வாங்கி வீடு கட்ட 2014 வரை 30 இலட்சம் முடிந்தது. இப்போது மாதம் 30,000 ரூபா வாடகை வருகிறது. வருடத்துக்கு 12 வீதம் கிடைக்கிறது என்று சொல்லலாமா?

சொல்லலாம், ஆனால் அது உண்மையாகாது. வன்னியில் பத்துப் பேரைக் கேட்டால் ஒன்பது பேர் இப்படித்தான் கணக்குப் பார்க்கிறார்கள். 30,000 ஐ 12 ஆல் பெருக்கி 3,60,000. அதை 30 இலட்சத்தால் வகுத்து 12 வீதம். வங்கியில் 8 வீதம்தானே தருகிறார்கள், வீடுதான் மேல் என்று முடித்துவிடுகிறார்கள்.

மேலே இருக்கும் எண்ணும் பிழை, கீழே இருக்கும் எண்ணும் பிழை. மேலே போட வேண்டியது வந்த வாடகையை அல்ல, செலவு போக மிஞ்சிய வாடகையை. கீழே போட வேண்டியது அன்று முடிந்த காசை அல்ல, இன்று விற்றால் கைக்கு வரும் காசை.

அன்று போட்ட காசுதானே என் காசு? இன்றைய விலையை ஏன் போட வேண்டும்?

இதைத்தான் அதிகம் பேர் மறுக்கிறார்கள். நானும் பல காலம் மறுத்தவன்தான். இப்படி யோசித்துப் பாருங்கள். அந்த வீட்டை இன்று 90 இலட்சத்துக்குக் கேட்டு ஒருவர் வந்து நிற்கிறார். நீங்கள் விற்கவில்லை. அப்படியென்றால் இன்று 90 இலட்சத்தை அந்த வீட்டுக்குள் வைத்திருப்பவர் நீங்கள்தான். 30 இலட்சம் என்பது பழைய கதை. இன்று எடுக்கப்போகும் முடிவுக்கு அந்தப் பழைய தொகை உதவாது.

புதிதாக வீடு வாங்குபவர் விலையோடு நிறுத்தக் கூடாது. உறுதி, அதாவது காணிப் பத்திரம், எழுதி முடிக்கும் செலவையும் கீழ் எண்ணில் சேர்க்க வேண்டும். முத்திரை வரி முதல் ஒரு இலட்சத்துக்கு 3 வீதம், மீதிக்கு 4 வீதம். 90 இலட்சத்துக்கு அது 3,59,000 ரூபா. உதாரண வீட்டின் ஒரு வருட வாடகை முழுவதும் அதற்கே போய்விடும். நொத்தாரிசுக் கட்டணமும் நில அளவைச் செலவும் இன்னும் வெளியே நிற்கின்றன.

வாடகையிலிருந்து எதையெதைக் கழிக்க வேண்டும்?

முதலில் வெறும் மாதங்கள். எங்கள் பக்கத்தில் வாடகைக்கு வருபவர்களில் பெரும் பங்கு அரச உத்தியோகத்தர்கள், ஆசிரியர்கள், வங்கியில் வேலை செய்வோர். ஆண்டு இடமாற்றம் ஜனவரியில் நடைமுறைக்கு வரும். மார்கழி மழைக்குள் வீட்டைக் காலி செய்து திறப்பைத் தந்துவிட்டுப் போவார்கள். மழை ஓய்ந்து, சுவர் காய்ந்து, பெயின்ற் பூசி அடுத்தவரை அமர்த்த மாசி ஆகிவிடும். ஆகவே வருடத்துக்கு 12 மாத வாடகை என்று எழுதாதீர்கள். 11 என்று எழுதுங்கள். ஒரே குடும்பம் ஐந்து வருடம் இருந்தால் அது உங்கள் அதிர்ஷ்டம், கணக்கில் எதிர்பார்க்கக் கூடியதல்ல.

அடுத்தது தண்ணீர். பலர் இதை மறந்தே போகிறார்கள். வவுனியாவில் குருமன்காட்டுப் பக்கம் ஒரு வீட்டில் மேல்தாங்கியிலிருந்து குளியலறைக்குத் தண்ணீர் வருவது வரவரக் குறைந்தது. மோட்டர் பழுது என்று சொல்லி மோட்டரை மாற்றினோம். அதே நிலைதான். கடைசியில் குழாய் வேலை செய்பவர் சுவரை உடைத்து அரையங்குலக் குழாயில் ஒரு சாண் வெட்டிக் கையில் தந்தார். உள்ளே வெள்ளையாகச் சுண்ணாம்பு படிந்து, ஒரு பென்சில்கூட நுழையாத ஓட்டைதான் மீதமிருந்தது. அந்தத் துண்டை இன்னும் மேசையில் வைத்திருக்கிறேன். வன்னியின் பல இடங்களில் கிணற்றுத் தண்ணீர் இப்படித்தான் கடினமானது. குழாயும், கேத்திலும், தண்ணீர் சூடாக்கியும் மற்ற ஊர்களை விட இங்கே சீக்கிரம் போய்விடும். வேறு மாவட்டத்தில் வீடு வைத்திருப்பவர் சொல்லும் திருத்தச் செலவை அப்படியே எடுத்து உங்கள் கணக்கில் எழுதிவிடாதீர்கள்.

பிறகு கறையான். கதவு நிலையும் கூரை மரமும் அதற்கு இரை. வருடா வருடம் பார்க்காவிட்டால் ஒரு பக்கக் கூரையையே கழற்ற நேரிடும். பெயின்ற், வயரிங், மலசலகூடக் குழி, கிணறு இறைத்தல், வேலி அல்லது மதில் ஆகியவையும் உண்டு. இவை மாதாமாதம் வருவதில்லை. ஐந்து வருடத்துக்கு ஒரு தடவை வந்து இலட்சக் கணக்கில் பிடுங்கிக்கொண்டு போகும். அதனால்தான் மனதில் நிற்பதில்லை. ஐந்து வருடத்தில் ஒன்றரை இலட்சம் பெயின்றுக்குப் போனால், வருடத்துக்கு 30,000 என்று ஒதுக்கி எழுதிவிட வேண்டும்.

உள்ளூராட்சி சபைக்குக் கட்டும் சோலைவரி சிறிய தொகைதான். ஆள் பிடித்துத் தரும் தரகருக்குக் கொடுப்பதையும் சேருங்கள்.

கடைசியாக, வீட்டைப் பார்த்துக்கொள்பவரின் உழைப்பு. இதற்குத் தனிக் கேள்வியே வரும். அங்கே சொல்கிறேன்.

எல்லாம் சேர்த்து ஒரு தடவை கணக்குப் போட்டுக் காட்டுங்கள்.

அதே வீடு. கிளிநொச்சி நகருக்குள் இரண்டு பரப்புக் காணி, மூன்று அறை. இன்றைய விலை 90 இலட்சம் என்று வைப்போம். 11 மாத வாடகை 3,30,000 ரூபா.

இதிலிருந்து கழிப்பவை: சின்னச் சின்னத் திருத்தங்கள் 24,000. பெயின்றுக்கு ஒதுக்கு 30,000. மோட்டர், வயரிங், கிணறு, குழி ஆகியவற்றுக்கு ஒதுக்கு 16,000. சோலைவரி முதலியன 5,000. தரகருக்கு இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை அரை மாத வாடகை என்று வைத்தால் வருடத்துக்கு 7,500. பார்த்துக்கொள்பவருக்கு மாதம் 2,500 வீதம் 30,000. மொத்தம் 1,12,500.

மிஞ்சுவது 2,17,500. அதை 90 இலட்சத்தால் வகுத்தால் 2.4 வீதம்.

12 என்று நினைத்தது 2.4 ஆகிவிட்டது. முதல் தடவை இந்தக் கணக்கை என் சொந்த வீட்டுக்குப் போட்டபோது எங்கேயோ ஒரு சுழியம் தவறிவிட்டதென்று நினைத்து மூன்று முறை திரும்பக் கூட்டினேன்.

அப்படியானால் வீட்டை விற்று வங்கியில் போடுவதுதானே சரி?

வாடகையை மட்டும் பார்த்தால் வங்கிதான் மேல். 90 இலட்சம், 8 வீத வட்டியில் நிலையான வைப்பாக இருந்தால் வருடத்துக்கு 7,20,000. வட்டியிலிருந்து பிடிக்கும் வரி 2025 ஏப்ரலிலிருந்து 5 வீதத்திலிருந்து 10 வீதமாக ஏறியது. அது போக 6,48,000. வீடு தந்தது 2,17,500. இடைவெளி 4,30,500 ரூபா.

இந்த இடைவெளியை நிரப்பக் கூடியது ஒன்றே ஒன்று, காணி விலை ஏறுவது. 4,30,500 என்பது 90 இலட்சத்தில் ஏறத்தாழ 4.8 வீதம். உங்கள் வீடும் காணியும் வருடத்துக்கு 4.8 வீதம் ஏறும் என்று நம்ப உங்களிடம் காரணம் இருந்தால் வைத்திருங்கள். காரணம் இல்லாவிட்டால், அந்த நாலே கால் இலட்சத்தை வருடா வருடம் எதற்காகவோ கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். எதற்காக என்று தெரிந்திருப்பது நல்லது.

வங்கிக் காசுக்கும் ஆபத்து உண்டு. 2022 ஐ மறக்க முடியுமா? மார்ச் மாதத் தொடக்கத்தில் ஒரு டொலர் 200 ரூபா அளவில் இருந்தது. மே மாதத்தில் 360 ஐத் தொட்டது. அந்தச் செப்டெம்பரில் பணவீக்கம் 70 வீதம் வரை போனது. வைப்பில் இருந்த ரூபா கண் முன்னே கரைந்தது. காணி கரையவில்லை. ஆனால் வாடகை கரைந்தது. 2021 இல் இரண்டு வருடத்துக்கு ஒரே வாடகை என்று எழுதிக் கொடுத்திருந்தேன். ஒரே வருடத்தில் சீமெந்து விலை இரட்டிப்பைத் தாண்டிய நேரத்தில் பழைய வாடகையை வாங்கிக்கொண்டு புதிய விலைக்குத் திருத்தம் செய்தேன். அதற்குப் பிறகு ஒரு வருடத்துக்கு மேல் ஒரே வாடகையில் நான் எழுதுவதில்லை.

காணி விலை மூன்று மடங்காகிவிட்டதே. அந்த இலாபம் எங்கே போனது?

30 இலட்சம் 90 ஆனது ரூபாவில். வெளிநாட்டிலிருந்து காசு அனுப்பியவர் டொலரிலும் ஒரு தடவை பார்க்க வேண்டும். 2014 இல் ஒரு டொலர் ஏறத்தாழ 130 ரூபா. 30 இலட்சம் என்றால் அன்று 23,000 டொலர் அளவு. 2025 இல் டொலர் 300 ரூபா அளவில் நின்றது. 90 இலட்சம் என்றால் 30,000 டொலர். மூன்று மடங்கு என்று நாம் பேசிக்கொள்வது அவருக்கு பதினொரு வருடத்தில் 30 வீத ஏற்றம்தான்.

இன்னொன்று, ஏறியது காணி. வீடு அல்ல. கட்டடம் வருடா வருடம் பழசாகிறது. 90 இலட்சத்தில் காணி எவ்வளவு, கட்டடம் எவ்வளவு என்று பிரித்து எழுதிப் பாருங்கள். நகரை விட்டு உள்ளே போகப் போக, கட்டடத்துக்குக் கொட்டிய காசு விற்கும்போது திரும்பி வருவதில்லை. ஐந்து அறையும் மாபிள் பதித்த விறாந்தையும் கட்டிவிட்டு, பக்கத்து இரண்டறை வீட்டின் வாடகையே வாங்குபவர்களை முல்லைத்தீவுப் பக்கம் கண்டிருக்கிறேன். ஊரில் அதிக வாடகை கொடுக்கக் கூடியவர் யார், அவர் எவ்வளவு கொடுப்பார் என்பதை விசாரித்த பிறகே வரைபடம் கீற வேண்டும்.

எங்கள் வீடு அனுமதிப்பத்திரக் காணியில் இருக்கிறது. கணக்கு மாறுமா?

நிறையவே மாறும். இரணைமடு, முத்தையன்கட்டுக் குளங்களின் கீழ்க் குடியேற்றங்களில் உள்ள காணிகளில் பெரும்பாலானவை அரச காணிகள். 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரமாகவோ அளிப்புப்பத்திரமாகவோ கொடுக்கப்பட்டவை. உறுதிக் காணியைப் போல நினைத்தவுடன் விற்க முடியாது. பிரதேச செயலகத்தைக் கேட்காமல் கைமாற்ற முடியாது. குத்தகைக்குக் கொடுப்பதற்கும் கட்டுப்பாடு உண்டு.

ஆகவே வீதியின் அடுத்த பக்கத்தில் உறுதிக் காணி என்ன விலை போனது என்று கேட்டு அந்த விலையைக் கீழ் எண்ணாகப் போடாதீர்கள். உங்களால் அந்த விலைக்கு விற்க முடியாது. சட்டப்படி உங்களுக்குக் கிடைக்கக் கூடியதே உங்கள் விலை. வாய்ப்பேச்சில் ஆளை இருத்திவிட்டுப் பிறகு வழக்கு வந்தால் கையில் காட்ட ஒரு துண்டும் இருக்காது. இந்த வகை வீட்டைப் பிள்ளைகள் குடியிருக்க வைத்திருங்கள் என்பதே என் எண்ணம். வாடகை முதலீடாக நினைத்து இதில் மேலும் மேலும் காசைக் கொட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

வாடகைக்குப் பதிலாக ஒத்திக்குக் கொடுத்தால்?

ஒத்தி எங்கள் பக்கத்துப் பழைய வழக்கம். ஒரு தொகையை மொத்தமாக வாங்குகிறீர்கள். கொடுத்தவர் வாடகையின்றிக் குடியிருக்கிறார். தவணை முடிய நீங்கள் காசைத் திருப்பிக் கொடுக்க, அவர் வீட்டைத் திருப்பித் தருகிறார். அவருடைய காசுக்கு வட்டி இல்லை, உங்களுடைய வீட்டுக்கு வாடகை இல்லை.

இதன் வருமானம் முழுக்க அந்தத் தொகையை நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்பதில் இருக்கிறது. 15 இலட்சம் ஒத்தி வாங்கி 8 வீத வைப்பில் போட்டால் வரி போக 1,08,000. மேலே கண்ட வாடகையின் பாதிகூட இல்லை. 2022 இன் பிற்பகுதியில் வைப்பு வட்டி 20 வீதத்தைத் தாண்டியபோது அதே 15 இலட்சம் மூன்று இலட்சம் தந்திருக்கும். வெறும் மாதமும் இல்லை, வாடகைக்கு அலைச்சலும் இல்லை. வட்டி ஏறும் காலத்தில் ஒத்தி நல்லது, இறங்கும் காலத்தில் வாடகை நல்லது.

ஒத்திக் காசை வைப்பில் போடாமல் கலியாண வீட்டுக்கோ, பிள்ளையை வெளிநாடு அனுப்பவோ எடுத்தவர்கள் தவணையில் திருப்பிக் கொடுக்க முடியாமல் வீட்டையே இழந்த கதை இங்கே வீட்டுக்கு வீடு இருக்கிறது. திருப்பிக் கொடுக்க வழி தெரியாவிட்டால் ஒத்தியைத் தொடவே வேண்டாம். தொட்டால், நொத்தாரிசு முன்னிலையில் எழுதிக் காணிப் பதிவகத்தில் பதியுங்கள்.

அறிவியல் நகரில் பல்கலைக்கழக மாணவர்களுக்கு அறை விடுவது அதிகம் தருமா?

தலைக்கு இவ்வளவு என்று வாங்குவதால் ஒரு குடும்பம் தருவதை விடக் கூடுதலாக வரும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல், விவசாய பீடங்கள் அறிவியல் நகரில் இருக்கின்றன. வவுனியாப் பல்கலைக்கழகம் 2021 இல் தனிப் பல்கலைக்கழகமானது முதல் பம்பைமடுப் பக்கமும் அறை தேடுகிறார்கள். ஆனால் விடுமுறை மாதங்களில் பாதி வாடகைதான் கேட்க முடியும். தண்ணீரும் மின்சாரமும் உங்கள் தலையில் விழும். 2020 மார்ச்சில் கொரோனாவுக்காகப் பல்கலைக்கழகங்களை மூடியபோது ஒரே வாரத்தில் எல்லா அறையும் காலியானது. ஒரே வகை ஆட்களை மட்டும் நம்பி வீடு கட்டினால் அவர்கள் போகும்போது எல்லோரும் சேர்ந்தே போவார்கள். போருக்குப் பிந்திய ஆண்டுகளில் தொண்டு நிறுவனங்களை நம்பி ஏ9 வீதியோரம் பெரிய வீடுகள் கட்டியவர்கள் கண்டதும் அதைத்தான். மாணவர் அறைக்கு 12 மாதத்தில் 9 மாதத்தையே கணக்கில் எடுங்கள்.

கடன் எடுத்து வீடு கட்டி, வாடகையால் கடனைக் கட்டலாமா?

முடியாது. 40 இலட்சம் கடன், 12 வீத வட்டி என்றால் முதல் வருட வட்டி மட்டும் 4,80,000 அளவு. மிஞ்சும் வாடகை 2,17,500. மீதியை உங்கள் சம்பளம் கட்ட வேண்டும்.

வருமான வரி கட்ட வேண்டுமா?

வாடகை உங்கள் மற்ற வருமானத்தோடு சேர்க்கப்படும். 2025 ஏப்ரலிலிருந்து தனிநபருக்கான வரி விலக்கு வருடத்துக்கு 18 இலட்சம். ஒரு வீட்டு வாடகையை மட்டும் நம்பியிருப்பவருக்கு வரி வராது. சம்பளமே அந்த எல்லையைத் தாண்டியிருந்தால் வாடகைக்கும் வரி உண்டு. திருத்தச் செலவுக்காக வாடகையில் 25 வீதத்தைக் கழித்த பிறகே வரி கணக்கிடப்படும். உதாரண வீட்டுக்கு 3,30,000 இல் கால் பங்கு போக 2,47,500. சம்பளம் எல்லையைச் சற்றே தாண்டியவர் என்றால் முதற்படி 6 வீதம், 14,850 ரூபா. சிறிய தொகைதான், ஆனால் மிஞ்சியது 2,17,500 என்பதை நினைத்தால் கணக்கில் எழுதாமல் விட முடியாது.

எழுத்து ஒப்பந்தம் இல்லாமல் தெரிந்தவருக்குக் கொடுத்திருக்கிறேன். பரவாயில்லையா?

ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன் எழுதப்பட வேண்டும் என்பது சட்டம். தெரிந்தவர் என்பதற்காக விட்டுவிடாதீர்கள். வாடகை தராமல் ஒருவர் எழும்ப மறுத்தால் ஒரு வருட வருமானம் அல்ல, பல வருட வருமானம் போகும். இரண்டு அல்லது மூன்று மாத முற்பணம் வாங்குங்கள். மின்சாரப் பட்டியலை மாதாமாதம் நீங்களே பாருங்கள்.

கணக்கைப் பார்த்தால் விற்கத்தான் தோன்றுகிறது. விற்கட்டுமா?

கணக்கு முடிவைச் சொல்லாது. முடிவின் விலையைச் சொல்லும். பிறந்த வீடு, போரில் இடிந்து மறுபடி எழுப்பிய வீடு, தாய் தகப்பன் கண் மூடிய வீடு என்றால் 2.4 வீதம் என்று சொல்லி யாரையும் விற்கச் சொல்ல மாட்டேன். வைத்திருங்கள், வருமானத்துக்காக வைத்திருக்கிறேன் என்று மட்டும் சொல்லாதீர்கள்.

வருமானத்துக்காகவே வாங்கிய வீடு என்றால், விற்பதற்கு முன் உறுதியை எடுத்துப் பாருங்கள். பிரிக்காத பங்குக் காணி என்றால், வடக்குத் தமிழருக்குரிய வழமைச் சட்டமான தேசவழமைப்படி பங்காளிகளுக்கு முதலில் வாங்கும் உரிமை உண்டு. அவர்களிடம் கேட்டு முடிக்காமல் வாங்குபவர் கிட்ட வர மாட்டார். நல்ல விலைக்கு ஆள் வந்தும், கனடாவில் இருக்கும் ஒரு பங்காளியின் கையொப்பத்துக்காக எட்டு மாதம் காத்திருந்து அந்த ஆளை இழந்திருக்கிறோம்.

வீடு என் காசில் கட்டியது. ஊரில் தங்கைதான் பார்த்துக்கொள்கிறாள். அவளுக்கும் கணக்கில் பங்கு போட வேண்டுமா? சொந்தச் சகோதரிதானே.

சொந்தச் சகோதரி என்பதால்தான் போட வேண்டும். வேற்று ஆளாக இருந்தால் அவரே கேட்டு வாங்கியிருப்பார்.

அவள் செய்வதை எழுதிப் பாருங்கள். மழை நாளில் கூரை ஒழுகினால் மேசனைத் தேடிப் போகிறாள். வாடகைக்குப் போய் வாசலில் நிற்கிறாள், அடுத்த கிழமை வாருங்கள் என்று கேட்டுத் திரும்புகிறாள். சோலைவரி கட்ட சபைக்குப் போய் வரிசையில் நிற்கிறாள். இருத்திய ஆள் சண்டைக்காரர் என்றால் ஊரில் பேச்சு வாங்குவதும் அவள்தான். இந்த உழைப்பைச் சுழியம் என்று எழுதிவிட்டு வரும் வீதம் உங்கள் காசின் வருமானம் அல்ல, அவளுடைய நேரம்.

வீடு யார் பெயரில் என்பதையும் இதோடு பேசி முடியுங்கள். 2014 ஆம் ஆண்டின் காணிச் சட்டப்படி, வெளிநாட்டுக் குடியுரிமை மட்டும் உள்ளவர் இங்கே காணி வாங்க முடியாது. இரட்டைக் குடியுரிமை இருந்தால் முடியும், மரபுரிமையாக வருவது வேறு. அதனால் அண்ணனின் காசில் தங்கை பெயருக்கு உறுதி எழுதிய வீடுகள் பல. இருபது வருடம் கழித்து அவர்களுடைய பிள்ளைகள் நீதிமன்றத்தில் நிற்கும்போது, யார் எவ்வளவு போட்டார், யார் எவ்வளவு எடுத்தார் என்று காட்ட ஒரு கொப்பி இருக்க வேண்டும்.

எங்கள் வீட்டில் அது ஒரு நீல மட்டை சீ.ஆர். கொப்பி. இடது பக்கம் வந்தது, வலது பக்கம் போனது. பல வருடம் வலது பக்கத்தில் மேசன் கூலி, சீமெந்து, பல்பு என்று எல்லாம் இருந்தது, என் தங்கையின் பெயர் மட்டும் இல்லை. அவள் பஸ் ஏறி வந்துபோன டிக்கெட் காசுகூட இல்லை. ஒரு தை மாதம் லண்டன் அண்ணாவோடு பேசி, வாடகையில் பத்தில் ஒன்று அவளுக்கு என்று முடிவெடுத்தோம். முதல் மாதம் கொண்டுபோய்க் கொடுத்தபோது வேண்டாம் என்றாள். காசை மேசையில் வைத்துவிட்டு, கொப்பியின் வலது பக்கத்தில் அவள் பெயரை எழுதி, பக்கத்தில் 3,000 என்று போட்டு, அவளிடம் கையொப்பம் வாங்கிக்கொண்டு வந்தேன்.